பார்க்காத பந்து

சீட்டைப் பிரித்துப் பார்த்த லிஃப்டுக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. பிக்கிள்பால் என்கிற மட்டைப் பந்தாட்ட லீகில் யாருக்கு யார் ஜோடி என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சீட்டுப் போட்டு எடுக்கச் சொல்லியிருந்தார்கள். டப்பா நிறையப் பெயர்கள் கிடந்தன. அத்தனையையும் விட்டுவிட்டு, எந்தப் பெயர் வரவே கூடாது என்று நினைத்தாரோ அதையே பொறுக்கி எடுத்து வந்திருந்தது அவருடைய கை. மருந்துக்கடைக்காரர். செத்துப்போன மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு வருஷமாக லிஃப்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசாத மனிதர்.

"டீச்சர், வேற சீட்டு எடுக்கட்டுமா?"

"தாராளமா எடுங்க. அப்படியே வேற லீகும் பாத்துக்கங்க," என்றார் விசில் டீச்சர்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கழுத்திலிருந்து விசில் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் குரலே விசில் மாதிரி இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. சமூகக் கூடத்தில் பூப்பந்துக் கோடுகளுக்கு மேலே நீல டேப் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த ஆட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்துச் சுவரில் விதிகளை அச்சடித்து ஒட்டியிருந்தார். முதல் விதியே இப்படி இருந்தது: "கிடைத்த ஜோடியோடு ஆட வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது." இரண்டாவது வாக்கியம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஏனென்றால் லிஃப்டுக்காரர் அதுவரை ஒரு தந்திரம் செய்துவந்தார். லீக் இல்லாத வாரங்களில் வருகிறவர்கள் தங்கள் மட்டையை ஒரு பெஞ்சில் வரிசையாக வைக்க வேண்டும். முதல் நான்கு மட்டைக்காரர்கள் அடுத்த ஆட்டத்துக்கு இறங்குவார்கள். மருந்துக்கடைக்காரரின் மட்டை தன் மட்டைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், லிஃப்டுக்காரருக்குத் திடீரென்று ஷூ நாடா அவிழ்ந்துவிடும், அல்லது தண்ணீர் தாகம் எடுத்துவிடும். மட்டையை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்துவிடுவார். பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். மருந்துக்கடைக்காரரும் அப்படியே இருந்தார்.

இத்தனைக்கும் பேசுவதுதான் லிஃப்டுக்காரரின் தொழிலில் பாதி. நடுமாடியில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கத்தும்போது, முதலில் வெளியிலிருந்து கேட்பது அவருடைய குரல்தான். "பயப்படாதீங்க. நான் இங்கதான் நிக்கிறேன். கயிறெல்லாம் அறுந்து விழாது. உக்காருங்க, மூச்சை மெதுவா விடுங்க." பிறகு மேலே ஏறி, மோட்டார் அறையில் பிரேக்கை விடுவித்து, கைச்சக்கரத்தைச் சுற்றி, லிஃப்டைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவருவார். சாத்திய கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கிற முன்பின் தெரியாதவர்களிடம் அவ்வளவு இதமாகப் பேசத் தெரிந்த மனிதருக்கு, சொந்த மச்சானைப் பார்த்தால் மட்டும் வாய் பூட்டிக்கொண்டது.

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய மனைவி இறந்தது அண்ணனின் மருந்துக்கடையில். ஒருநாள் மதியம் எதையோ வாங்கப் போனவள், நெஞ்சு எரிகிறது என்றாளாம். அண்ணன் வாயுவுக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து உட்கார வைத்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. அந்த நேரத்தில் லிஃப்டுக்காரர் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று, கிரீஸ் கையோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். போன் கீழே பைக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, மாத்திரை விஷயத்தை ஒரு டாக்டர் சொல்லக் கேட்டதும், நடைபாதையில் எல்லோருக்கும் முன்னால் மச்சானின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் கையை ஓங்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. "விடுங்க மாப்பிள்ளை," என்றார். அவ்வளவுதான். லிஃப்டுக்காரர் காலரை விட்டார். அதோடு மனிதரையே விட்டார்.

ஆனால் ஒன்றை மட்டும் அவரால் விட முடியவில்லை. கடைக்குள் நுழைந்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் அவள் என்ன சொன்னாள்? வலித்ததா? பயந்தாளா? தன்னைக் கேட்டாளா? கூடவே வாழ்ந்தவளின் கடைசி அரைமணி நேரம் தனக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருவர். அவரிடம் போய்க் கேட்டால் கிடைக்கும். கேட்கத்தான் வாய் வரவில்லை. மகள் ஒருமுறை மாமாவிடம் கேட்டுப் பார்த்திருக்கிறாள். "எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்குறார்ப்பா. 'உங்கப்பாதான் முதல்ல கேக்கணும், அவருக்குத்தான் முதல்ல சொல்லணும்'ங்குறார். நீங்க ஒரு வார்த்தை கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள். லிஃப்டுக்காரர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

வீட்டில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று அவரை இந்த ஆட்டத்துக்குப் பிடித்துத் தள்ளியதும் மகள்தான். இரண்டாம் வாரமே மருந்துக்கடைக்காரரும் மட்டையோடு வந்து நின்றார். அதிலும் மகளின் கைவரிசை இருந்திருக்கும். இனி வராமல் நின்றுவிடலாமா என்று லிஃப்டுக்காரர் யோசித்தார். பிறகு, "நான் எதுக்கு நிக்கணும்? வேணும்னா அந்த ஆளு நிக்கட்டும்," என்று வீம்புக்கு வந்துகொண்டிருந்தார். வீம்பு அவருக்குக் கூடவே பிறந்தது. சீட்டில் அந்தப் பெயர் வந்தபிறகும் லீகை விட்டுப் போகாததற்கு அதே வீம்புதான் காரணம். நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை.

இந்த ஆட்டத்தில் ஜோடியாக இறங்கினால் பேசாமல் இருக்க முடியாது. களம் சின்னது. ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் பந்து டொக் டொக் என்று வேகமாக வந்து போகும். நடுவில் வருகிற பந்தை யார் அடிப்பது என்று "நான்!" என்றோ "நீங்க!" என்றோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு மட்டையும் மோதிக்கொள்ளும், அல்லது இரண்டு பேரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முதல் ஆட்டத்தில் நடுவில் விழுந்த பந்தெல்லாம் எதிராளிக்குப் போனது.

"நடுவுல விழுற பந்து என்ன, அநாதைப் பிள்ளையா?" என்று ஓரத்திலிருந்து டீச்சர் சத்தம் போட்டார். "வாயைத் திறக்காம ஆடணும்னா போய் செஸ் ஆடுங்க ரெண்டு பேரும்!"

அடுத்த வாரம் லிஃப்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு "நான்" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார். "நீங்க" என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டையால் தொடையில் தட்டினார். மருந்துக்கடைக்காரரின் முதுகைத் தாண்டி எல்லைக்கோட்டுக்கு வெளியே போகிற பந்தை அவர் அடித்துவிடாமல் தடுக்க, "அவுட்" என்று கத்தினார். அதற்கும் டீச்சர் வந்துவிட்டார்.

"பந்து இன்னும் காத்துல இருக்கு, அதுக்குள்ள அவுட்டுன்னா எதிர்ல இருக்கறவங்க ஆட்டம் முடிஞ்சதுன்னு நின்னுடுவாங்க. கீழ விழுந்தப்புறம் சொல்றதுதான் அவுட்டு. அதுக்கு முன்னாடி ஜோடிகிட்ட சொல்றதுக்கு ஒரே வார்த்தை. 'விடுங்க.' எங்க, சொல்லுங்க பாப்போம்."

லிஃப்டுக்காரர் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் காதில் விழுந்த கடைசி வார்த்தையை, அதைச் சொன்ன மனிதரிடமே திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்து, மட்டையின் கைப்பிடித் துணியைச் சரிசெய்கிற மாதிரி நின்றார். அவருக்கும் நினைவு இருந்தது.

"நாக்கு சுளுக்கிக்கும்னா எழுதிக் காட்டுங்க," என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார்.

பிறகு வந்த வாரங்களில் நிலைமை கொஞ்சம் தேறியது. பேச்சு வளர்ந்துவிடவில்லை. மருந்துக்கடைக்காரர் பேச, லிஃப்டுக்காரர் தலையாட்ட, அந்த அளவுக்கு வந்தது. மருந்துக்கடைக்காரர் ஆட்டத்தில் ஒரு மாதிரியான மனிதர். வலைக்குப் பக்கத்தில் ஒரு பட்டை உண்டு. அதற்குக் கிச்சன் என்று பெயர். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் குத்தாத பந்தை அடிக்கக் கூடாது. அதன் கோட்டில் கால் பட்டாலும் தப்புதான். அதை மிதித்தவரே சொல்ல வேண்டும், நடுவர் கிடையாது. யாருமே கவனிக்காத நேரத்திலும் மருந்துக்கடைக்காரர், "என் கால் உள்ள இருந்துச்சு, உங்களுக்குத்தான் பாயிண்டு," என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லி இரண்டு ஆட்டம் கைநழுவிப் போனது. லிஃப்டுக்காரருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஷூ நுனி கோட்டில் பட்டதற்கெல்லாம் வாயைத் திறக்கிற மனிதர், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமல் வைத்திருக்கிறாரே என்று உள்ளுக்குள் கரித்துக் கொட்டினார். கேட்கவேண்டியவர் தான்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டார்.

அரையிறுதிக்குப் போவதற்கான ஆட்டத்தில் எதிரே நின்றவர்கள் பேக்கரிக்காரரும் அவருடைய மருமகளும். பேக்கரிக்காரருக்கு அடுப்படியில் நின்று நின்று கனத்துப்போன உடம்பு, அதிகம் ஓட மாட்டார். மருமகள் அவருக்கும் சேர்த்து ஓடுவாள். வீட்டில் மாமனாரிடம் எப்படிப் பேசுவாளோ, களத்தில், "மாமா நகருங்க! மாமா விடுங்க! மாமா, உங்களைத்தான்!" என்று வெளுத்து வாங்குவாள். அவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்துகொள்வார்.

ஆட்டம் இழுபறியாக வந்து நின்றது. மருமகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விதிப்படி உரக்கச் சொன்னாள்: "பத்து, ஒன்பது, ரெண்டு." அவர்கள் பத்து, இவர்கள் ஒன்பது. ரெண்டு என்றால் அவர்கள் பக்கத்தின் இரண்டாவது ஆள் சர்வீஸ் போடுகிறார் என்று அர்த்தம். இந்தப் பந்தை அவர்கள் எடுத்துவிட்டால் பதினொன்று, ஆட்டம் முடிந்தது.

நான்கைந்து தட்டுகள் வலைக்குப் பக்கத்திலேயே போய் வந்தன. திடீரென்று மருமகள் மட்டையைத் தாழ்த்திப் பந்தை உயரமாகத் தூக்கிவிட்டாள். அது மருந்துக்கடைக்காரரின் தலைக்கு மேலே போனது. அடிபடும் என்பதால் இந்தக் கூடத்தில் பின்பக்கமாக நடந்து போய்ப் பந்தை எடுக்கக் கூடாது, திரும்பித்தான் ஓட வேண்டும். அதுவும் சுவரில் ஒட்டியிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் பின்னால் போனார். அவருக்குப் பின்னால் கூட்டத்துக்குப் போடுகிற இரும்பு நாற்காலிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் பின்மண்டை அதில்தான்.

"மச்சான், விடுங்க!"

கூடம் முழுக்கக் கேட்டது. மருந்துக்கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். பந்து அவரைத் தாண்டி, பின்கோட்டுக்குப் பக்கத்தில் குத்தி, நாற்காலிகளுக்கு நடுவே உருண்டு போனது.

பேக்கரிக்காரர்தான் மெதுவாகக் கேட்டார்: "உங்க பக்கம் விழுந்த பந்து, நீங்கதான் சொல்லணும். உள்ளயா, வெளியவா?"

"அவுட்டு," என்றார் லிஃப்டுக்காரர். பட்டென்று வந்துவிட்டது.

மருந்துக்கடைக்காரர் அவரை நோக்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது. பந்துக்காக வெளிறிய முகம் இல்லை அது. "நான் பந்தைப் பாக்கல," என்றார் தணிந்த குரலில். "நீங்க கூப்பிட்டதும் உங்களைத் திரும்பிப் பாத்துட்டேன். நீங்க பாத்தீங்களா மாப்பிள்ளை?"

லிஃப்டுக்காரர் "பாத்தேன்" என்று சொல்ல வாயெடுத்தார். என்ன பார்த்தோம் என்று யோசித்தார். நாற்காலிக் கால்களைப் பார்த்தார். அவற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நரைத்த பின்மண்டையைப் பார்த்தார். இறந்துபோன அவளுக்கும் அதே இடத்தில்தான் முதலில் நரைத்தது. பந்து எங்கே விழுந்தது என்று அவர் பார்க்கவே இல்லை. பார்க்காமலே, கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவரைப் போல அவ்வளவு உறுதியாக அவுட் என்று சொல்லியிருந்தார்.

விதி சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெளிவாகப் பார்த்திருந்தால்தான் அவுட் சொல்லலாம். துளி சந்தேகம் இருந்தாலும் பந்து உள்ளேதான், எதிராளிக்குத்தான்.

"பாக்கல," என்றார் லிஃப்டுக்காரர். "பந்து உள்ள. உங்களுக்குத்தான்."

மருமகள் துள்ளிக் குதிக்கப் போனவள், லிஃப்டுக்காரரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான்கு பேரும் வலைக்கு வந்து மட்டையோடு மட்டை தட்டிக்கொண்டார்கள். "நல்லா ஆடுனீங்க," என்றார் பேக்கரிக்காரர். லிஃப்டுக்காரருக்கு அது காதில் விழவில்லை. அவருக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். இவர் அங்கே இல்லை. எதையும் பார்க்கவில்லை. ஆனால் சட்டையைப் பிடித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதை இரண்டு வருஷமாக மாற்றவும் இல்லை. நினைக்க நினைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த நால்வர் களத்துக்கு வந்துவிட்டார்கள். இருவரும் சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். நடுவே இரண்டு தண்ணீர் பாட்டில்கள் இருந்தன.

"அன்னைக்கு என்ன ஆச்சு மச்சான்?"

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "கேப்பீங்கன்னுதான் இருந்தேன்," என்றார். "மதியம் வந்தா. 'வெயில்ல நடந்து வந்தது, நெஞ்செல்லாம் எரியுதுண்ணா'ன்னா. முகம் நல்லாத்தான் இருந்துச்சு. வாயுவா இருக்கும்னு நானேதான் மாத்திரை எடுத்துக் குடுத்தேன். யாரும் சொல்லிக் குடுக்கல. கவுண்டருக்குப் பின்னாடி ஸ்டூல்ல உக்கார வச்சேன். கடையில நாலு பேர் நின்னாங்க. அவங்களைக் கவனிக்கப் போயிட்டேன்."

லிஃப்டுக்காரர் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயுதானா, வேற ஏதாவதான்னு நான் சரியாப் பாக்கல மாப்பிள்ளை. பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா? அதுவும் எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கும்னு சில நாள் தோணும். எப்படித் தெரியும்னு சில நாள் தோணும். எனக்கு நானே ஒண்ணும் சொல்லிக்க முடியல. நீங்க காலரைப் பிடிச்சப்ப, அடிச்சிருந்தீங்கன்னாகூடத் தேவலைன்னு இருந்துச்சு."

கோபம் லிஃப்டுக்காரருக்குள் அப்போதும் இருந்தது. ஒரே நாளில் போய்விடுகிற கோபமா அது? ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அதே அரைமணி நேரத்தைச் சுமந்துகொண்டு தூங்காமல் கிடந்திருக்கிறார் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. தங்கையைப் பறிகொடுத்தவர் என்று அவரை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"ரொம்ப வலிச்சுதா அவளுக்கு?"

"எரியுதுன்னு ஒரு தடவைதான் சொன்னா. அப்புறம் சொல்லல."

"என்னைக் கேட்டாளா?"

மருந்துக்கடைக்காரரின் உதடு கோணியது. அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "உங்களைப் பத்தித்தான் பேசிட்டே இருந்தா. என் கடை ஃபேனு கிரீச் கிரீச்சுன்னு கத்தும். அதை அண்ணாந்து பாத்துட்டு, 'எவ்வளவு பெரிய லிஃப்டெல்லாம் சத்தமில்லாம ஓட வைக்கிறவர் நம்ம வீட்டுலயே இருக்காரு, நீ என்னடான்னா இதை வச்சுக்கிட்டு வர்றவங்க காதைப் புண்ணாக்குற. இரு, அவரை நாளைக்கே அனுப்பி வைக்கிறேன்'னா. சரிம்மான்னேன். ஒருத்தருக்கு இருமல் மருந்து எடுக்கத் திரும்பினேன். எடுத்துட்டுத் திரும்பிப் பாக்கறேன், சுவத்துல சாஞ்சிருக்கா."

"அப்புறம் ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல மாப்பிள்ளை. அதுதான் கடைசி. அனுப்பி வைக்கிறேன்னு சொன்னதுதான்."

லிஃப்டுக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மனைவி செத்த அன்று அழாத மனிதர், மகள் மடியில் விழுந்து கதறியபோதும் கல்லாக இருந்தவர், களத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்க, பெஞ்சில் உட்கார்ந்து தோள் குலுங்க அழுதார். தன்னை அவள் தேடியிருப்பாளோ, தேடிக் கிடைக்காமல் போயிருப்பாளோ என்றுதான் இத்தனை நாளும் வெந்துகொண்டிருந்தார். அவளோ இவரை ஒரு வேலைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்திருக்கிறாள். போகாமல் இருந்தது இவர்தான்.

விசில் டீச்சர் அந்தப் பக்கமாக வந்தார். பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து லிஃப்டுக்காரர் துண்டை எடுத்தார். "அந்த ஃபேன்?"

"கத்திட்டுத்தான் இருக்கு. வர்றவங்கல்லாம் திட்டுறாங்க. வேற ஆளைக் கூப்பிட மனசு வரல. நீங்க வருவீங்கன்னு அவ சொல்லியிருக்காளே."

"கடையில ஏணி இருக்கா மச்சான்?"

"இருக்கு."

"நாளைக்கு வேலைக்குப் போற வழியில வரேன்," என்றார் லிஃப்டுக்காரர். "அவதான் அனுப்பினா."